முன்வகை விண்மீன் என்றால் வயதில் இளையதா?

நீங்கள் கேட்டது இது. ரைஜல் என்ற விண்மீனை ஒரு புத்தகம் ‘எர்லி டைப்’ விண்மீன் என்கிறது. அதையே தமிழில் எழுதிய ஒருவர் ‘ஆரம்பகால விண்மீன்’ என்று போட்டிருக்கிறார். ஆனால் ரைஜல் தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது, ஒருநாள் வெடித்துவிடும் என்றும் வேறோர் இடத்தில் படித்திருக்கிறீர்கள். முடியப்போகிற ஒன்றை ஆரம்பகாலத்தது என்று எப்படிச் சொல்வது, இந்த இரண்டில் எது தவறு என்று கேட்கிறீர்கள். பார்த்தால் மொழிபெயர்ப்புக் கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரு விண்மீனின் ‘வகை’ என்பது அதன் வயதைச் சொல்கிறதா, வெப்பத்தைச் சொல்கிறதா, நிறையைச் சொல்கிறதா? அதற்குப் பதில் கிடைத்தால் மொழிபெயர்ப்புச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகம் சொன்னதும் சரி, ரைஜல் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் சரி. தவறு ‘ஆரம்பகால’ என்ற தமிழாக்கத்தில்தான். ‘எர்லி’ என்பது இங்கே ஒரு வரிசையில் முன்னால் நிற்பதைக் குறிக்கிறது. சூடான விண்மீன்கள் வரிசையின் முன்பக்கம், வெப்பம் குறைந்தவை பின்பக்கம். இந்தச் சொல் வெப்பத்தை மட்டுமே சொல்கிறது. ஆனாலும் வயதும் நிறையும் இதற்குள் எப்படி வந்து கலந்தன என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கே வேறொரு புத்தகம் உங்களைக் குழப்பும்.

நான் ஆய்வாளன் இல்லை. ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் 28 வருடம் இயற்பியல் நடத்தியவன். முதுகலை படிக்கும்போது நிறமாலைப் படங்களை, அதாவது விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்து எடுத்த படங்களை, வகை பிரிக்கும் பயிற்சி கிடைத்தது. அப்புறம் ஓர் ஆறு அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு மாணவர்களோடு மண்டபம் தென்கடற்கரையிலும் வாலிநோக்கத்திலும் பல இரவுகள் வானம் பார்த்திருக்கிறேன். ஆகவே வகைப்படுத்தல் எப்படி நடக்கிறது என்பதையும் வெறும் கண்ணுக்கு எது தெரியும் என்பதையும் அனுபவத்திலிருந்தே சொல்வேன். தனி விண்மீன்களின் நிறை, தூரம், வயது எல்லாம் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னவை. அவற்றில் எது உறுதி, எது இன்னும் இழுபறியில் இருக்கிறது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

வரிசை இதுதான்: ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். முதலில் நிற்கிற ஓ வகையின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 30,000 கெல்வினுக்கு மேல். பி வகை 10,000 முதல் 30,000 வரை. நம் சூரியன் ஜி வகை, 5,800 கெல்வின் அளவு. கடைசியில் நிற்கும் எம் வகை 4,000-க்கும் கீழே. ஒவ்வோர் எழுத்தையும் 0 முதல் 9 வரை உட்பிரிவாகப் பிரிப்பார்கள். சூரியன் ஜி2, ரைஜல் பி8. இதை ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயில் பாதை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்புளி முன்னால் வரும், மண்டபம் அடுத்து, பாம்பன் அதற்கும் அடுத்து. அதனால் உச்சிப்புளி பாம்பனைவிட இளைய ஊர் என்று யாரும் சொல்வதில்லை. விண்மீன்களிலும் அப்படித்தான். பி2 வகை பி5-ஐவிட ‘முன்னது’, பி5 ஏ0-வைவிட ‘முன்னது’. ஆய்வாளர்கள் இந்தச் சொல்லை இப்படி ஒப்பிட்டுப் பேசத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ‘முன்வகை பி’ என்றால் பி0, பி1, பி2 பக்கம். ‘பின்வகை பி’ என்றால் பி8, பி9 பக்கம். மொட்டையாக ‘எர்லி டைப் விண்மீன்கள்’ என்று சொன்னால் பெரும்பாலும் ஓ வகையும் பி வகையும்தான்.

சரி, வெறும் வரிசை என்றால் ‘சூடானவை’, ‘ஆறியவை’ என்றே பெயர் வைத்திருக்கலாமே? அங்கேதான் ஒரு பழைய தவறான கொள்கை உள்ளே வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் விண்மீன் எதனால் ஒளிர்கிறது என்று யாருக்கும் தெரியாது. இயற்பியலாளர்கள் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன விளக்கம் இது: விண்மீன் தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது, சுருங்கும்போது வெப்பம் வெளியாகிறது. அந்தக் கணக்குப்படி சூரியனின் வயது சில கோடி வருடங்களுக்கு மேல் போகவில்லை. வேறு எரிபொருள் இல்லாத ஒரு பொருள் என்ன ஆகும்? அடுப்பிலிருந்து இறக்கி வைத்த இரும்பு போல நாளாக நாளாக ஆறும். அப்படியானால் நீலமாகக் கொதிப்பது புதிது, மஞ்சள் நடுவயது, சிவப்பு கிழடு. 1874-இல் ஜெர்மனியின் ஹெர்மன் வோகல் விண்மீன்களை வகைப்படுத்தியபோது இந்த எண்ணத்தையே அடிப்படையாக வைத்தார். சூடான விண்மீன்கள் பல ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைச் சுற்றியே கிடந்ததும் அந்த எண்ணத்துக்குத் துணை நின்றது. வாயு மேகத்திலிருந்து விண்மீன் பிறக்கிறது என்றால், மேகத்தின் பக்கத்தில் நிற்பவை புதிதாகப் பிறந்தவையாகத்தானே இருக்கும்? அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான வாதம்தான்.

இன்று நாம் பயன்படுத்தும் எழுத்துகள் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் பிறந்தவை. அதன் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்கின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த வில்லியமினா ஃப்ளெமிங், பின்னர் அங்கேயே வானியலாளராக உயர்ந்து, 1890-இல் வந்த அட்டவணைக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பிரித்தார். நிறமாலையில் ஹைட்ரஜனால் விழும் கருங்கோடு எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்று பார்த்து ஏ, பி, சி என்று அகரவரிசையில் பெயர் வைத்தார். பிறகு அன்டோனியா மோரி, அவருக்குப் பின் ஆனி ஜம்ப் கேனன். 1901-இல் கேனன் தென்வான விண்மீன்கள் 1,122-ஐ வகைப்படுத்தும்போது தேவையில்லாத எழுத்துகளை நீக்கி, ஓ-வையும் பி-யையும் ஏ-க்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். எழுத்துகள் இப்படித் தாறுமாறாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். 1918-க்கும் 1924-க்கும் இடையில் வெளிவந்த ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் அவர் வகைப்படுத்தியவை 2,25,300 விண்மீன்கள். காது சரியாகக் கேட்காத ஒரு பெண், கண்ணாடித் தகடுகளில் நகத்தளவு நிறமாலைகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்த வேலை அது. அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அந்தத் தென்வானத் தகடுகள் பெரு நாட்டின் அரெக்கிபாவில் எடுக்கப்பட்டவை. நான் இதைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம், அந்த விண்மீன்களில் பெரும்பாலானவை நம் கடற்கரையிலிருந்தும் தெரியும் என்பதுதான். நாம் 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறோம். டெல்லியில் அடிவானத்தோடு ஒட்டிக்கிடப்பவையும் அங்கே ஏறவே ஏறாதவையும் மன்னார் வளைகுடாவுக்கு மேல் நன்றாக எழும்பி நிற்கும். அவற்றில் நயோஸ் என்ற ஒன்று இந்தக் கேள்விக்கு நேரடியாக வேண்டியது. மார்ச் முதல் வாரத்தில் இரவு 9 மணிக்குத் தெற்கே பார்த்தால் சுமார் 40 பாகை உயரத்தில் இருக்கும். சிரியஸையும் அகத்தியரையும் கண்டுபிடித்துவிட்டால் போதும், இரண்டுக்கும் கிழக்கே ஒரு முக்கோணத்தின் மூன்றாவது முனையாக நயோஸ் நிற்கும். கண்ணுக்குச் சுமாரான ஒளிதான். ஆனால் அது ஓ4 வகை, மேற்பரப்பு 40,000 கெல்வின் அளவு. வெறும் கண்ணுக்குத் தெரிகிறவற்றில் மிகச் சூடான விண்மீன்களில் ஒன்று.

1896-இல் பிக்கரிங் இந்த நயோஸின் நிறமாலையில் யாருக்கும் விளங்காத ஒரு கோட்டு வரிசையைக் கண்டார். ஹைட்ரஜன் கோடுகளைப் போலவே இடைவெளி சீராகக் குறைந்துகொண்டு போனது. ஆனால் வழக்கமான ஹைட்ரஜன் கோடுகளுக்கு நடுநடுவே இருந்தது. அவர் அதை ஹைட்ரஜனின் புதியதொரு முகம் என்று எண்ணினார். பூமியில் இல்லாத ஏதோ ஒரு நிலையில் ஹைட்ரஜன் அங்கே இருக்கிறது என்பது விளக்கம். 1913-இல் நீல்ஸ் போர் தன் அணு மாதிரியோடு வந்து, அது ஹைட்ரஜனே இல்லை, ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம் என்றார். சோதனைச்சாலையில் ஹைட்ரஜன் கலக்காத ஹீலியத்தில் அதே கோடுகள் வந்தபோது கேள்வி முடிந்தது. இதில் நமக்கு வேண்டியது இதுதான்: ஹீலியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குவது லேசில்லை, அதற்குப் பெரும் வெப்பம் வேண்டும். அந்தக் கோடு தெரிகிறது என்றால் அங்கே அவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று பொருள். ஓ வகையின் அடையாளமே இந்த அயனி ஹீலியக் கோடுதான். பி வகைக்கு வந்தால் சாதாரண ஹீலியம். ஏ வகையில் ஹைட்ரஜன் உச்சம். பிறகு கால்சியம், இரும்பு. எம் வகையில் டைட்டானியம் ஆக்சைடு என்ற மூலக்கூறே சிதையாமல் நிற்கும்.

இந்தப் படிக்கட்டு முழுவதையும் ஒரே சமன்பாட்டில் கட்டியவர் மேக்நாத் சாஹா. 1920-இல் கொல்கத்தாவில் இருந்த அந்த இளம் ஆசிரியர், எந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று கணக்கிடும் வழியைத் தந்தார். அதோடு ஓ முதல் எம் வரையிலான வரிசை அடிப்படையில் வெப்ப வரிசை என்பது நிலைபெற்றது. 1925-இல் சிசிலியா பெய்ன் அதே சமன்பாட்டைக் கொண்டு, இந்த விண்மீன்கள் எல்லாமே பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று காட்டினார். கோடுகள் வேறுபடுவது முக்கியமாக வெப்பத்தால், உள்ளே இருக்கும் பொருள் வேறு என்பதால் இல்லை. 1930-களின் இறுதியில் அணுக்கரு இணைவுதான் விண்மீனின் எரிபொருள் என்பதும் தெளிவாகிவிட்டது. ஆறிக்கொண்டே போகும் இரும்புத் துண்டு என்ற கொள்கை முழுவதுமாகச் செத்தது. சூரியன் ஒருகாலத்தில் நீலமாக இருந்து மஞ்சளானது என்ற கதையும் அதோடு போனது. ஆனால் ‘எர்லி’, ‘லேட்’ என்ற சொற்கள் அதற்குள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் பழகிவிட்டன. கொள்கை போயும் சொல் நின்றுவிட்டது. சூரியன் உதிக்கிறது என்று நாம் இன்னும் சொல்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

இப்போது உங்கள் குழப்பத்துக்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன். பழைய கொள்கை தவறு. ஆனால் ஓ, பி விண்மீன்களைப் பொறுத்தவரை அதன் முடிவு தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது. அவை உண்மையிலேயே இளையவைதான்! காரணம் மட்டும் வேறு. பாம்பன் துறையில் நிற்கும் விசைப்படகையும் நாட்டுப்படகையும் எண்ணிப் பாருங்கள். விசைப்படகின் டீசல் டாங்கி பெரிது. ஆனால் எஞ்சின் குடிக்கிற வேகம் அதைவிடப் பெரிது. விண்மீன்களில் இந்த வேறுபாடு இன்னும் கடுமை. சூரியனைப்போல 20 மடங்கு நிறை உள்ள விண்மீன், 20 மடங்கு எரிபொருளை வைத்துக்கொண்டு பல்லாயிரம் மடங்கு வேகத்தில் எரிக்கும். சூரியனின் வாழ்நாள் சுமார் 1,000 கோடி வருடம் என்றால் அதற்கு 1 கோடி வருடம்கூடக் கிடைக்காது. ஆகவே இன்று ஓர் ஓ வகை விண்மீனைப் பார்க்கிறோம் என்றாலே அது அண்மையில் பிறந்தது. பழையது எதுவும் மிஞ்சியிருக்க முடியாது. 1947-இல் விக்தர் அம்பர்த்சுமியான் இத்தகைய விண்மீன்கள் கலைந்துகொண்டிருக்கும் கூட்டங்களாகக் கிடப்பதைக் காட்டி, விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன என்று வாதிட்டதும் இதை ஒட்டித்தான். ஆனால் இளமை என்பது இங்கே நாம் வந்தடைகிற முடிவு. சொல்லின் பொருளில் அது இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நானும் ஆசிரியப் பணியின் முதல் சில வருடங்களில் ‘எர்லி என்றால் இளையது, அதனால்தான் சூடு’ என்றுதான் வகுப்பில் சொன்னேன். மாணவர்கள் சரியான விடையே எழுதியதால் தவறு எனக்குத் தெரியவில்லை.

தவறை உணர்த்தியது ஓரியன் நெபுலாதான். வேட்டைக்காரனின் வாளில் புகை போலத் தெரிகிற அந்த மேகத்தை ஒளிரவைப்பவை அதன் நடுவில் இருக்கும் சில முன்வகை விண்மீன்கள். அதே மேகத்தில், ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான சிறு விண்மீன்களும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பல கே வகை, எம் வகை. அதாவது ‘லேட் டைப்’. வயது சில லட்சம் முதல் சில பத்து லட்சம் வருடங்கள்தான். விண்மீன் கணக்கில் பச்சைக் குழந்தைகள். ஒரே தொட்டிலில் ஒரே வயதில் முன்வகையும் பின்வகையும் கிடக்கிறது என்றால், வகை வயதைச் சொல்லவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அதே ஓரியனில் ரைஜலையும் திருவாதிரையையும் பாருங்கள். ரைஜல் பி8, நீலவெண்மை, சுமார் 12,000 கெல்வின். திருவாதிரை எம் வகை, செம்மை, 3,600 கெல்வின் பக்கம். சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒன்று ஆரம்பம், மற்றது முடிவு. உண்மையில் இரண்டும் பெருநிறை விண்மீன்கள், இரண்டும் 1 கோடி வருடத்தை ஒட்டிய வயதுடையவை, இரண்டுமே மையத்து ஹைட்ரஜனை எரித்து முடித்து வயோதிகத்துக்கு வந்துவிட்டவை. இங்கே ஒரு நுணுக்கமும் இருக்கிறது. திருவாதிரை பிறந்தபோது சிவப்பாக இல்லை. ஓ வகையாகவோ முன்வகை பி-யாகவோதான் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்திருக்கும். வீங்கி, மேற்பரப்பு ஆறி, எம் வகைக்கு வந்தது. ரைஜலும் தொடங்கிய இடத்திலிருந்து பி8 வரை நகர்ந்திருக்கிறது. ஆக, ஒரு தனி விண்மீன் முதுமையில் வரிசையின் பின்பக்கம், அதாவது எம் பக்கம், போவது உண்டு. ஆனால் எல்லா விண்மீனும் ஓ-வில் பிறந்து எம்-இல் முடிவதில்லை. சூரியன் ஓ வகையாக ஒருபோதும் இருந்ததில்லை.

அடுத்து நிறை. முன்வகை என்றால் பெருநிறை என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது பாதி உண்மை. ஓ வகைக்கு ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். பி வகையில் கவனம் வேண்டும். ஆய்வாளர்கள் ‘பெருநிறை’ என்று கறாராகச் சொல்வது சூரியனைப்போல சுமார் 8 மடங்குக்கு மேல் இருப்பவற்றை. அவைதான் கடைசியில் மையம் நொறுங்கி வெடிக்கும். பி வகையின் முன்பகுதி அதற்குள் வரும், பின்பகுதி வராது. மகம் என்று நாம் சொல்லும் விண்மீனும் பி8, ரைஜலும் பி8. ஆனால் மகத்தின் நிறை சூரியனைப்போல 4 மடங்கு அளவுதான், ரைஜல் 20 மடங்கு அளவு. ஒன்று இயல்பாக எரிந்துகொண்டிருப்பது, மற்றது வீங்கிப் பெருத்த சூப்பர்ஜெயன்ட். எழுத்தும் எண்ணும் மட்டும் இந்த வேறுபாட்டைக் காட்டாது. அதற்காகத்தான் 1943-இல் வந்த மார்கன், கீனன் முறையில் வகைக்குப் பின்னால் ஒரு ரோமன் எண்ணும் சேர்த்தார்கள். ஒன்று என்றால் சூப்பர்ஜெயன்ட், ஐந்து என்றால் சூரியனைப் போல இயல்பு நிலை. இன்னொரு பக்கம், சூடாக இருந்தும் பெருநிறை இல்லாத, வயதிலும் முதிர்ந்த விண்மீன்கள் உண்டு. சிரியஸின் துணையாக இருக்கும் வெள்ளைக்குள்ளன் 25,000 கெல்வின், நிறை ஒரு சூரியன் அளவுதான். அது செத்த விண்மீனின் உள்கரு. அதை யாரும் எர்லி டைப் என்பதில்லை, அதற்குத் தனி வகையே வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் வெப்ப வரிசை, சொல்லின் வரலாறு, பெருநிறை விண்மீன் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பது எல்லாம் உறுதியானவை. உறுதியாக இல்லாதது, முன்வகை எங்கே முடிகிறது என்பது. சிலர் ஓ, பி-யோடு நிறுத்துவார்கள். சிலர் ஏ-வையும் சேர்ப்பார்கள். எஃப் வகையின் முதல் சில உட்பிரிவுகள் வரை நீட்டுபவர்களும் உண்டு. அப்படி நீட்டுவதற்கு ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. சூரியனின் வெளியடுக்கு உலை நீர் போலக் கொதித்துப் புரள்கிறது. சூடான விண்மீன்களில் அந்தக் கொதிப்பு இல்லை, வெளியடுக்கு வழியாக ஒளியே வெப்பத்தைக் கடத்துகிறது. இந்த மாற்றம் எஃப் வகைப் பக்கம் நடக்கிறது. இது எந்த அமைப்பும் தீர்ப்பு எழுதி வைத்த எல்லை இல்லை. ஆகவே ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அந்தக் கட்டுரை எது வரை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல் திருவாதிரையின் தூரத்துக்கு 500 ஒளியாண்டு முதல் 700 ஒளியாண்டு வரை வெவ்வேறு மதிப்பீடுகள் இருக்கின்றன. தூரம் மாறினால் நிறையும் வயதும் மாறும். நயோஸுக்கும் இதே நிலைதான். இவற்றுக்கு யாராவது மிகத் துல்லியமான எண் கொடுத்தால் கொஞ்சம் தயங்கியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கேலக்ஸிகளுக்கும் எர்லி டைப், லேட் டைப் என்று பெயர் உண்டு. எட்வின் ஹபிள் 1926-இல் உருவாக்கிய வரிசையில் நீள்வட்டக் கேலக்ஸிகள் முன்வகை, சுருள் கேலக்ஸிகள் பின்வகை. இந்தச் சொற்கள் வரிசையில் இருக்கும் இடத்தைத்தான் குறிக்கின்றன, காலத்தை ஏற்றிப் பார்க்க வேண்டாம் என்று ஹபிளே எச்சரித்திருந்தார். அப்படியும் குழப்பம் தீரவில்லை. முன்வகைக் கேலக்ஸி முழுவதும் பெரும்பாலும் பழைய, சிவந்த, பின்வகை விண்மீன்கள். பின்வகைக் கேலக்ஸியின் சுருள் கைகளில் நீலமாக மின்னுபவை முன்வகை விண்மீன்கள். ‘ஆரம்பகால’ என்று இங்கே மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் ஊர் தொண்டிப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே கடல் கிழக்கே இருக்கிறது, ஆகவே ஓரியன் எழுவதைப் பார்க்க நல்ல இடம். தென்வான விண்மீன்களுக்கு மன்னார் வளைகுடாப் பக்கம் வர வேண்டும். தனுஷ்கோடிக்கு மாலைக்கு மேல் விடமாட்டார்கள். மண்டபம் தென்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் நல்லவை. ஜனவரி முதல் மார்ச் வரை மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். அப்போது ஓரியனும் நயோஸும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு விளக்குகள் இல்லாமல் கடல் இருண்டு கிடக்கும். மே மாத நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே சிலுவை விண்மீன்கள் நிமிர்ந்து நிற்கும். அதன் நான்கு முனைகளில் மூன்று பி வகை, உச்சியில் இருக்கும் ஒன்று மட்டும் எம் வகை, சற்றே செம்மை. இடப்பக்கம் கொஞ்ச தூரத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிலுவைக்கு அருகில் இருப்பது ஹதார், பி1 வகை, சுமார் 390 ஒளியாண்டு தூரம், ஒன்றரைக் கோடி வருடத்தை ஒட்டிய வயது. அடுத்தது ஆல்ஃபா சென்டாரி, நம் சூரியனைப் போன்ற ஜி2, நான்கரை ஒளியாண்டுக்கும் குறைவான தூரம், சூரியனை ஒத்த வயது. கண்ணுக்கு இரண்டும் பிரகாசம்தான், ஆல்ஃபா சென்டாரி கொஞ்சம் கூடுதல். மாணவர்களுக்கு நான் முன்வகையைக் காட்டுவது இங்கேதான்.

ஆனால் நிறத்தை வைத்து மட்டும் வகையைத் தீர்மானிக்க வேண்டாம். 20 பாகை உயரத்தில் உப்புக்காற்று நீலத்தைத் தின்றுவிடும். ஓ, பி இரண்டும் கண்ணுக்கு ஒரே நீலவெண்மைதான். இடையில் தூசி இருந்தால் சூடான விண்மீனும் மஞ்சளடித்துத் தெரியும். கோடுகளைப் பார்த்துத்தான் வகை. மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட சிறு கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடி) ஒன்றைத் தொலைநோக்கியில் பொருத்தினால் நீங்களே பார்க்கலாம். சிரியஸில் ஹைட்ரஜனின் கருங்கோடுகள், திருவாதிரையில் படிப்படியான பட்டைகள். நயோஸுக்குச் சற்றுத் தெற்கே காமா வெலோரம் இருக்கிறது. ஓர் ஓ வகையும், தன் வெளியடுக்கை வேகமாக வீசி எறியும் உல்ஃப்-ராயே வகையும் சேர்ந்த இரட்டை அது. அதில் கருங்கோடுகளுக்குப் பதிலாக ஒளிக்கோடுகளே தெரியும். முதல்முறை வாலிநோக்கத்தில் அதைப் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கடைசியாக, தமிழில் எப்படி எழுதலாம் என்பது. ‘இளம் விண்மீன்’ வேண்டாம், அது வயதைச் சொல்கிறது. ‘ஆரம்பகால’, ‘தொடக்கநிலை’ என்ற இரண்டும் வேண்டாம், இன்னும் எரியத் தொடங்காத கருவிண்மீன் என்று வாசிப்பவர் நினைத்துக்கொள்வார். நான் ‘முன்வகை’, ‘பின்வகை’ என்று எழுதுகிறேன். இது என் பழக்கம்தான், அரசுக் கலைச்சொல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல்முறை வரும் இடத்தில் ‘வெப்ப வரிசையில் முன்னால் நிற்கும் ஓ, பி வகை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. ரைஜலைப் பற்றி நீங்கள் எழுதுவதாக இருந்தால் இப்படிப் போடுங்கள்: ‘ரைஜல் பி8 வகையைச் சேர்ந்த முன்வகை சூப்பர்ஜெயன்ட், பிறந்து 1 கோடி வருடம் அளவுதான் ஆகிறது என்றாலும் வாழ்நாளின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது.’